ஏற்காட்டில் பிரெஞ்சுச் சாப்பாடு: எதைக் கேட்கலாம், எதை விடலாம்

ஏற்காட்டில் ஏரியைத் தாண்டிக் காபித் தோட்டங்களுக்குள் போகும் சாலை ஒன்றில், பழைய தோட்டத்துப் பங்களாவின் முன்கூடத்தில் பன்னிரண்டு மேசை போட்டு பிரெஞ்சுச் சாப்பாடு கொடுக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை இரவும் இரண்டு வாரநாள் மதியமும் போய், கார்டில் இருந்த பதினெட்டு அயிட்டத்தில் பதினொன்றைச் சாப்பிட்டுப் பார்த்து எழுதியது இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அடுப்பில் மணிக்கணக்கில் இருக்க வேண்டியதை இங்கே நம்பிக் கேட்கலாம். கேட்ட பிறகு கடைசி ஐந்து நிமிடத்தில் கை கவனமாக இருக்க வேண்டியதை, அதுவும் சனி ஞாயிறில், கேட்காமல் இருப்பது நல்லது. பெயர் போடவில்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி சேலத்திலோ மலையிலோ பிரெஞ்சு அயிட்டம் போடும் எந்த இடத்துக்கும் பொருந்தும்.

பிரான்ஸ் இந்த மலைக்குப் புதிதும் இல்லை. சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டை நடத்துவது க்ளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர்கள். அந்த க்ளூனி, பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருக்கும் ஒரு சின்ன ஊர். 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியின் சகோதரர்கள் சபையும் பிரான்சில் பிறந்ததுதான். பர்கண்டி என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு வரும்போது தேவைப்படும்.

முதலில் வெங்காய சூப். ஒரு பிரெஞ்சு அடுப்படியை எடைபோட இதைவிட நல்ல அயிட்டம் கிடையாது. வெங்காயம், வெண்ணெய், எலும்புச் சாறு, காய்ந்த ரொட்டி, சீஸ். இவ்வளவுதான் பொருள். மீதி எல்லாம் நேரம். நாலு பேருக்கு ஒரு கிலோ பெரிய வெங்காயம், 50 முதல் 60 கிராம் வெண்ணெய். வெங்காயத்தைக் குறுக்கே வளையமாக வெட்டாமல் தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் வெட்டினால், ஒரு மணி நேரம் வதங்கிய பிறகும் இழை இழையாக நிற்கும். உப்பை ஆரம்பத்திலேயே போட்டு, மூடிவைத்துக் கால் மணி நேரம் நீர் விட வைத்து, பிறகு மூடியை எடுத்து சின்னத் தீயில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கிளற வேண்டும். நிறம் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்து நிற்க வேண்டும். அதைத் தாண்டிக் கருத்தால் கசப்பு ஏறிவிடும், பிறகு எதை ஊற்றினாலும் போகாது. சட்டியின் அடியில் ஒட்டிய பழுப்பை ஒரு டம்ளர் வெள்ளை வைன் விட்டுச் சுரண்டி எடுக்கும்போதுதான் சூப்புக்கு ருசி சேர்கிறது.

அவசரக்காரர்கள் இங்கே இரண்டு குறுக்குவழி போவார்கள். ஒன்று, சர்க்கரை போட்டு நிறம் வரவைப்பது. அப்படிச் செய்த சூப்பில் நுனிநாக்கில் ஒரு இனிப்பு தெரியும், தொண்டைக்கு இறங்கும்போது ஒன்றும் இருக்காது. இன்னொன்று சமையல் சோடா. நிறம் சீக்கிரம் வரும், ஆனால் வெங்காயம் களியாகிவிடும். இந்த பங்களாவில் இரண்டும் இல்லை. கரண்டியில் எடுத்தால் இழை தொங்குகிறது, நிறம் சரியாக இருக்கிறது, மிளகு கடைசியில் பொடித்தது. மண்சட்டி மாதிரியான தடிமனான கிண்ணத்தில், மேலே ரொட்டியும் சீஸும் போட்டு, அவனில் மேல்சூட்டில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். கிண்ணத்தின் விளிம்பில் சீஸ் வழிந்து, காய்ந்து, தோசை ஓரம் மாதிரி மொறுமொறுப்பாக ஒட்டியிருந்தது. அந்த ஓரத்தைக் கத்தியால் பெயர்த்துச் சாப்பிட வேண்டும். அதை விட்டுவைப்பவர்கள் பாதி சுகத்தை விட்டுவைக்கிறார்கள்.

குறை ஒன்று உண்டு. ரொட்டியை முன்கூட்டியே அவனில் காயவைக்காமல், அன்றைக்கு வந்த மெத்தென்ற ரொட்டியையே வெட்டிப் போடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் அது சாற்றை உறிஞ்சிக் கஞ்சியாகி சீஸோடு அடியில் போய்விடுகிறது. முந்தைய நாள் ரொட்டியை விரல் தடிமனில் வெட்டி, 150 டிகிரியில் கால் மணி நேரம் காயவைத்தால் இது நடக்காது. கேட்டுக்கொண்டதும் அடுத்த முறை செய்தார்கள். நீங்களும் கேளுங்கள், மாஸ்டர் முகம் சுளிப்பவர் இல்லை. பிரான்சில் இதற்கு வழக்கமாக மாட்டெலும்புச் சாறு. இங்கே கோழி எலும்பு. சாறு சற்று மெலிதுதான், ஆனால் நேர்மையான மெலிவு. கடையில் வாங்கும் சூப் க்யூப் கரைத்த உப்பு ருசி இல்லை. விலை 280 ரூபாய், ஒருவருக்கு அதுவே பாதி வயிறு.

கோக் ஓ வான், அதாவது சிவப்பு வைனில் வேகவைத்த சேவல், பர்கண்டி பக்கத்துக் குடியானவர் சமையல். முற்றிப்போன சேவலை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் இது. பிராய்லரில் செய்தால் இதற்கு அர்த்தமே இல்லை. நாற்பது நாள் கோழி ஒரு மணி நேரத்தில் நாராக உதிர்ந்துவிடும், எலும்பிலிருந்து சாற்றுக்கு ஒன்றும் இறங்காது. இங்கே அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து வரும் நாட்டுச் சேவலைப் போடுகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே கீழிருந்து ஏறி வரலாம். நல்லம்பட்டி என்றோ பள்ளிபாளையம் என்றோ நாட்டுக்கோழி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு, கடித்து இழுக்க வேண்டிய அந்தச் சதை உடனே பிடிபடும்.

முறை இது. ஒன்றரைக் கிலோ சேவலுக்கு 750 மில்லி வைன், ஒரு முழு பாட்டில். கேரட், வெங்காயம், பிரிஞ்சி இலை, தைம் போட்டு ஒரு ராத்திரி ஊறவேண்டும். மறுநாள் துண்டுகளை எடுத்துத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் கொழுப்பில் சிவக்க வைக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் வறுபடாது, அவியும். ஊறிய வைனைத் தனியாகக் கொதிக்கவைத்து மூன்றில் ஒரு பங்கு சுண்டவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் குழம்பு கத்தரிப்பூ நிறத்தில், புளித்த வாடையோடு நிற்கும். பிறகு இரண்டரை மணி நேரம் மெல்லிய கொதி. காளானும் வெங்காயமும் தனியாக வதங்கி, கடைசிக் கால் மணி நேரத்தில்தான் உள்ளே போக வேண்டும்.

மலையில் இதற்கு இன்னும் ஒரு கணக்கு சேர்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் இரண்டரை மணி நேரத்தில் வேகும் சேவல் மேலே மூன்று, மூன்றேகால் மணி கேட்கும். இதைத் தெரியாமல் சமவெளிக் கணக்கில் இறக்கினால் தொடை எலும்போரம் ரப்பராக இருக்கும். சனிக்கிழமை இரவு வந்த தட்டில் இருந்த குறை இதுதான். வாரநாள் மதியத்தில், முந்தைய நாளே சொல்லிவைத்து வந்த தட்டில், சதை எலும்பை விட்டு விலகி, ஆனால் உதிராமல் இருந்தது. சுண்டிய குழம்பு கரண்டியின் முதுகில் படலமாக ஒட்டி நின்றது. ஒரே அடுப்படி, ஒரே மாஸ்டர். வித்தியாசம் முக்கால் மணி நேரம்.

பிரான்சில் இதற்குப் போடும் முத்து வெங்காயத்துக்குப் பதில் இங்கே சாம்பார் வெங்காயம். நல்ல மாற்று. ஆனால் உரிக்கும்போது வேர்ப்பக்கத்தை ஒட்ட வெட்டிவிட்டால் இதழ் இதழாகக் கழன்றுவிடும். வேரைத் துளி விட்டு உரிக்க வேண்டும். தட்டில் வந்த எட்டு வெங்காயமும் முழுசாக இருந்தன. ஒன்றைப் பல்லில் வைத்து அழுத்தினால் உள்ளிருந்து சூடான வைன் சாறு வருகிறது. 690 ரூபாய், இருவர் பகிரலாம். வைனில் சமைத்ததில் சாராயம் முழுக்க ஆவியாகிவிடும் என்று சப்ளையர் சொல்வார். பெரும்பகுதி போகும், முழுக்கப் போகாது. வேண்டாதவர்கள் தவிர்க்க வேண்டும், குழந்தைகளுக்கும் வேண்டாம்.

ஆட்டுக்கறி நவரன் இதே ரகம். மேச்சேரி ஆட்டுக்கறி, கேரட், பட்டாணி, டர்னிப்புக்குப் பதில் நூல்கோல். கறி அருமை. ஆனால் குழம்பைக் கெட்டியாக்கிய விதம் சரியில்லை. மரவள்ளி மாவுக்குப் பெயர்போன மாவட்டம் நம்முடையது. அந்த ஸ்டார்ச்சையோ சோளமாவையோ கடைசியில் கரைத்து ஊற்றினால் குழம்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும், கரண்டியைத் தூக்கினால் கோந்தாகத் தொங்கும். பிரெஞ்சு முறையில் கறி சிவந்ததும் மைதாவைத் தூவி, கொழுப்போடு சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, அதன் மேல் சாறு விடுவார்கள். பளபளப்பு அதிகம் இருக்காது, ஆனால் பச்சை மாவு வாடை இல்லாமல், ஆறினாலும் ஒரே பதத்தில் இருக்கும். தட்டு மேசைக்கு வந்ததும் குழம்பைப் பாருங்கள், கோந்து தெரிந்தால் மாவு கடைசியில் விழுந்தது என்று அர்த்தம்.

உருளைக்கிழங்கைப் பாலிலும் கிரீமிலும் அடுக்கி அவனில் சுடும் கிராத்தானைக் கட்டாயம் கேளுங்கள். கிழங்கை மூன்று மில்லிமீட்டர் தடிமனில் சீவிய பிறகு கழுவக்கூடாது. நம் வீட்டில் வறுவலுக்குக் கழுவுவோம், இங்கே அந்த மாவுச்சத்துதான் பாலையும் கிரீமையும் கெட்டியாக்க வேண்டும். கழுவினால் அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். பிரான்சின் தோஃபினே பகுதியின் பழைய முறையில் இதில் சீஸ் கிடையாது. பூண்டு, ஜாதிக்காய், உப்பு அவ்வளவுதான். இங்கே அதன்படியே செய்கிறார்கள். வெட்டிய துண்டு பக்கவாட்டில் அடுக்கடுக்காகத் தெரிந்தது, சரியவில்லை. பெட்டியில் வரும் பிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதத்தைத் தாண்டாது. பிரான்சில் புழங்கும் கிரீமில் 30க்கு மேல். அந்த வித்தியாசத்தை ஒரு கரண்டி வெண்ணெய் போட்டு ஈடுகட்டியிருக்கிறார்கள். சரியான யோசனை.

இனி ஸ்டேக் ஓ புவாவ்ர், மிளகு போட்ட மாட்டிறைச்சித் துண்டு. மனசு வலிக்கிற இடம் இது. ஏனென்றால் மிளகு அவ்வளவு நல்ல மிளகு. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய கொடியில் பறித்து, அதே தோட்டத்தில் பாயில் காயவைத்தது. அம்மியில் ஒன்றிரண்டாக உடைத்திருக்கிறார்கள், பொடிக்கவில்லை. முகர்ந்தால் எலுமிச்சைத் தோல் வாசம் வருகிறது. இந்த மிளகைக் கறியில் அழுத்தி, எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்த சட்டியில் போட்டுவிடுகிறார்கள். மிளகு கருகிக் கசக்கிறது. நடுத்தரச் சூட்டில் எண்ணெயும் வெண்ணெயும் கலந்து போட வேண்டிய அயிட்டம் இது. அதைவிடப் பெரிய குறை, எந்தப் பதம் கேட்டாலும் முழுக்க வெந்ததே வருகிறது. கார்டில் பிரெஞ்சில் நான்கு பதம் அச்சடித்திருக்கிறார்கள். ப்ளே என்றால் மேல் மட்டும் சூடு. சென்யான் என்றால் உள்ளே ரத்தச் சிவப்பு. ஆ புவான் என்றால் நடுவில் இளஞ்சிவப்பு. பியான் கூய் என்றால் முழு வேக்காடு. ஆ புவான் கேட்டு வந்தது பியான் கூய். 180 கிராம் துண்டை இறக்கிய பிறகு ஐந்து நிமிடம் சும்மா வைத்தால் சாறு உள்ளேயே தங்கும், அதுவும் செய்யவில்லை. வெட்டியதும் தட்டில் குளம் கட்டியது. 750 ரூபாய்க்கு இது தேறாது. வேறு ஊரிலோ, பாண்டிச்சேரியிலோ, பிரான்சிலேயோ கேட்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும், அவர்களின் ஆ புவான் நாம் எதிர்பார்ப்பதைவிட ஒரு படி சிவப்பாகவே வரும்.

அவசர அயிட்டங்களில் விதிவிலக்கு கலெட். பிரான்சின் பிரித்தனிப் பகுதியின் உப்புத் தோசை என்று சொன்னால் தப்பில்லை. அங்கே பக்வீட் என்ற, கோதுமை அல்லாத தானியத்தின் மாவில் செய்வது. 330 கிராம் மாவு, 10 கிராம் உப்பு, முக்கால் லிட்டர் தண்ணீர், ஒரு முட்டை, இரண்டு மணி நேரம் ஓய்வு. புளிக்க வைப்பதில்லை. கரண்டி முதுகால் சுழற்றாமல், ரோசெல் என்ற மரக்கட்டையை மணிக்கட்டால் திருப்பி மாவை இழுக்கிறார்கள். திருப்பிப் போடாமல் மேலே சீஸ், ஹாம், முட்டை உடைத்து விட்டு, நாலு ஓரத்தையும் உள்ளே மடித்து, நடுவில் மஞ்சள் கரு கண் மாதிரித் தெரியும்படி சதுரமாக எடுக்க வேண்டும். இங்கே பக்வீட்டுக்குப் பதில் கேழ்வரகு மாவு. கார்டில் அதை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ஆனால் ருசியில் குறை சொல்ல முடியாது. நன்றாகப் பழகிய இரும்புத் தோசைக்கல்லில் வார்க்கிறார்கள், ஓரம் வலை வலையாக மொறுமொறுக்கிறது, பசையில்லாத அந்த மாவின் மண் வாசம் பக்வீட்டுக்குக் கிட்டத்தில் வருகிறது. ஹாம் வேண்டாதவர்களுக்குக் காளான் வைத்துத் தருகிறார்கள். 260 ரூபாய். குழந்தைகளுக்கு இதையே சொல்லலாம்.

ரட்டட்டூயி சுமார். கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணெயில் வதக்கிக் கடைசியில் தக்காளியோடு சேர்க்க வேண்டியது. ஒன்றாகப் போட்டுக் கூட்டு ஆக்கிவிட்டார்கள்.

சைவக்காரர்கள் கார்டைப் பார்த்து ஏமாறக்கூடிய இடங்களைச் சொல்லியே ஆக வேண்டும். வெங்காய சூப் பெயரில் சைவம், சாற்றில் அசைவம். கீஷ் லொரேன் என்ற உப்பு டார்ட்டில் பன்றிக்கறித் துண்டு மரபு, முட்டை எப்போதும் உண்டு. மூஸ் என்ற நுரைத்த இனிப்பு வகைகளில், விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். பல பிரெஞ்சு சீஸ்கள் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனட் என்ற உறைபொருளில் உறையவைத்தவை. நம்பிக் கேட்கக்கூடியவை கிராத்தானும் ரட்டட்டூயியும். சப்ளையரிடம் “வெஜ்ஜா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “தம்பி, இதுல எலும்புத் தண்ணி ஊத்துறாங்களா, முட்டை இருக்கா?” என்று பொருள் பெயர் சொல்லிக் கேளுங்கள். உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்கிறார்கள், அந்தப் பொறுமை இருக்கிறது.

ரொட்டி, நன்றாகச் சுட்ட பகெட் என்ற நீள ரொட்டி. ஆனால் மூடுபனி நாளில் எந்த மேலோடும் இரண்டு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். பரிமாறும் முன் 200 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் திரும்ப மொறுமொறுக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்து எடுத்து வருகிறார்கள், அங்கே கெட்டுப்போகிறது. சூடு பண்ணித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது கூடை ரொட்டிக்கு 80 ரூபாய் போடுகிறார்கள். பிரான்சில் சாப்பாட்டோடு வரும் ரொட்டிக்கும் ஜாடித் தண்ணீருக்கும் தனிக் காசு வாங்குவதில்லை.

இனிப்பில் க்ரெம் ப்ரூலேயை நம்பிக் கேட்டால் ஏமாற்றம்தான். அடியிலிருக்கும் கஸ்டர்ட் குற்றமற்றது. ஐந்து மஞ்சள் கருவுக்கு அரை லிட்டர் கிரீம், வெந்நீர்த் தட்டில் வைத்து மெல்லிய சூட்டில் உறையவிட்டது. சூடு மிஞ்சினால் முட்டைப் பொரியல் மாதிரி மணல்பதம் தட்டும், இதில் அது துளியும் இல்லை. ஆனால் மேலே சர்க்கரையைச் சாயங்காலமே உருக்கிவிட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். உருக்கிய சர்க்கரை ஈரத்தை இழுக்கும், மலைக்காற்றில் இன்னும் வேகமாக. கரண்டியால் தட்டினால் டக் என்று உடைய வேண்டியது, பாகாக ஓடியது. மேசைக்குக் கொண்டுவரும் முன் உருக்கச் சொல்லிக் கேட்டபோது, வாரநாளில் செய்தார்கள், சனிக்கிழமை கையை விரித்துவிட்டார்கள். அப்படியென்றால் பேரிக்காய் டார்ட் கேளுங்கள். மலையில் விளையும் நாட்டுப் பேரி கல் மாதிரி இருக்கும். அதைச் சர்க்கரைப் பாகில் முக்கால் மணி நேரம் வேகவைத்து, பாதாம் கிரீமின் மேல் அடுக்கிச் சுடுகிறார்கள். நேரம் கொடுத்த அயிட்டம் என்பதால் இதுவும் தேறிவிட்டது. பேரி வரும் காலத்தில் மட்டும்தான் உண்டு.

கார்டு படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். ஆன்ட்ரே என்று தலைப்பிட்டிருப்பது பிரெஞ்சு வழக்கப்படி முதல் தட்டு. பிளா என்பதுதான் முக்கியச் சாப்பாடு. அங்கே மெனு என்றால் ஒரே விலையில் மூன்று தட்டு கொண்ட செட் சாப்பாடு, தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பது கார்ட். இங்கேயும் மதியத்தில் 990 ரூபாய்க்கு மெனு உண்டு: சூப் அல்லது கீஷ், கோழி அல்லது நவரன், ஒரு இனிப்பு. தனித்தனியாகக் கேட்பதைவிட இருநூறு ரூபாய்க்குக் கிட்ட மிச்சம். நாலு பேருக்குச் சரியான ஆர்டர், இரண்டு மெனுவும், தனியாக ஒரு கிராத்தானும் இரண்டு கலெட்டும். பில்லில் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் தானாக ஏறி வருகிறது. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது. எடுக்கச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். பிடித்திருந்தால் கையில் கொடுங்கள், பரிமாறும் பிள்ளைகள் உழைப்பாளிகள்.

போகிற நாள் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் இருக்கட்டும். கோடை விழா நடக்கும் மே மாத வாரத்தை அடியோடு விட்டுவிடுங்கள். முந்தைய நாள் மாலைக்குள் போன் செய்து சேவலைச் சொல்லிவைக்க வேண்டும். பாதி அட்வான்ஸ் கேட்பார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் மூன்றுக்குள் முடியும். இத்தனை வெண்ணெயையும் கிரீமையும் சாப்பிட்ட கையோடு இருபது கொண்டை ஊசி வளைவில் இறங்கினால் பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வயிறு புரட்டும். ஒரு மணி நேரம் தோட்டத்தில் நடந்துவிட்டு, இருட்டும் முன், பனி இறங்கும் முன் கிளம்புவது சரி.

அந்த ஒரு மணி நேரத்துக்குக் காபி இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து இந்த மலையில் வேரூன்றிய செடி. கேட்காவிட்டால் இனிப்போடு சேர்த்துப் பால் விட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். இனிப்புத் தட்டை எடுத்த பிறகு, பால் இல்லாமல், சின்னக் கோப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் குடிக்கிற முறை அது. அன்றைக்கே வறுத்த தோட்டத்து அராபிகாவை அந்தப் பங்களாத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்க 60 ரூபாய்.